முதுகுப்பக்கத்து மேற்கு

ஐரிஷ் இலக்கியம் பற்றி நம் வட்டத்தில் பேச்சு எழுந்தால் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது. ஐரிஷ் மொழியில் மேற்குக்கும் பின்பக்கத்துக்கும் ஒரே சொல். ஆகவே அந்த ஜனங்கள் பின்னோக்கியே வாழ்பவர்கள். ஆகவே இழந்ததை எண்ணி ஏங்குவது அவர்கள் ஆன்மாவின் அடிப்படை. மூன்று படிகள் கொண்ட இந்த ஏணியில் முதல் படி மட்டும் மரத்தால் ஆனது. மற்ற இரண்டும் காகிதம். ஆனால் ஏறுகிறவர்கள் மூன்றாவது படியில் நின்றுகொண்டுதான் கவிதை பற்றித் தீர்ப்புகள் வழங்குகிறார்கள். ஒரு மொழியின் நான்கு சொற்களைத் தெரிந்துகொண்டு அதன் ஆன்மாவைப் பிடித்துவிட்டதாக நினைப்பது விமர்சனம் ஆகாது, ரேகை சாஸ்திரம்.

முதலில் அந்த நான்கு சொற்கள். எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளின் பழைய ஐரிஷில் கிழக்கு 'அர்தெர்'. இதன் உள்ளே இருப்பது முன்னால் என்று பொருள்படும் சொல். மேற்கு 'இயர்தர்', உள்ளே இருப்பது 'இயர்', அதாவது பின். தெற்கு 'தெஸ்', அதே சொல்தான் வலது. வடக்கு 'தூவத்', இடது என்பதும் அதன் பொருளே. (நம் எழுத்தில் இந்த மொழியின் ஒலிகள் சரியாக உட்காராது. வல்லினத்தை நாம் பிரித்து எழுதுவதில்லை. அவர்களோ எழுதுவதை உச்சரிப்பதில்லை.) உதிக்கும் சூரியனைப் பார்த்து நிற்கும் ஒரு உடம்பு, அதன் முகம், முதுகு, இரண்டு கைகள். திசைகள் இப்படித்தான் பெயர் பெற்றிருக்கின்றன. இதில் சந்தேகம் இல்லை.

இது ஊர்ப்பெயர்களில் இன்றும் உறைந்து கிடக்கிறது. அயர்லாந்தின் தென்மேற்குப் பெருநிலமான மன்ஸ்டரின் பழைய பெயர் மூமு. வலது மூமு, இடது மூமு, முன் மூமு என்று அதற்குப் பகுதிகள் இருந்தன. ஆங்கிலேயர் வாயில் புகுந்து வெளிவந்தபோது இவை டெஸ்மண்ட், தாமண்ட், ஆர்மண்ட் என்று பிரபுக்களின் பட்டப்பெயர்களாகிவிட்டன. 1565ல் டெஸ்மண்ட் பிரபுவும் ஆர்மண்ட் பிரபுவும் அஃபேனில் சொந்தப் படைகளுடன் மோதிக்கொண்டார்கள். வலக்கைக்கும் முகத்துக்கும் சண்டை. நம் ஊர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் டெஸ்மண்ட் என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவர் எவருக்கும் தன் பெயரில் ஒரு வலது கை இருப்பது தெரிந்திருக்காது. தெரியாததால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த உடம்பு ஐரிஷ்காரனுடைய உடம்பு மட்டும்தானா? ஸம்ஸ்கிருதத்தில் பூர்வம் முன்னும் கிழக்கும். பச்சிமம் பின்னும் மேற்கும். தட்சிணம் வலதும் தெற்கும். ஐரிஷ் தெஸ்ஸும் ஸம்ஸ்கிருத தட்சிணமும் லத்தீன் டெக்ஸ்டரும் ஒரே வேரில் கிளைத்தவை. கோயிலில் பிரதட்சிணம் செய்யும் நம் பாட்டிமார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஐரிஷ் சொல்லின் உறவுக்காரியை உச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெல்ஷ் மொழியில் தெற்கு வலது; வடக்கைக் குறிக்கும் 'கோகிளெத்' என்ற சொல்லில் இருப்பது இடது. இந்தோ ஐரோப்பியக் குடும்பத்தைத் தாண்டினாலும் இதே கதை. ஹீப்ருவில் 'கெதெம்' கிழக்கு, முன். 'யாமீன்' வலது, தெற்கு. பெஞ்சமின் என்ற பெயர் வலக்கை மகன். அரபியில் யேமன் வலதுபக்கத்து நாடு. 'ஷிமால்' இடது, 'ஷமால்' வடக்கு. ஆக, மேற்கை முதுகுக்குப் பின்னால் வைத்தவன் பின்னோக்கி ஏங்குகிறவன் என்றால், வேத ரிஷியும் மோசேயும் அதே ஏக்கத்தில் உருகியிருக்க வேண்டும். ஆனால் அவர்களைப் பற்றி இப்படி யாரும் எழுதுவதில்லை. ஐரிஷ்காரன் மட்டும்தான் ஏங்க வேண்டும். ஏன்?

ஏனென்றால் ஏக்கம் முதலில் வந்துவிட்டது. சொல் பிறகு தேடிப்பிடிக்கப்பட்டது. கெல்டிக் ஆன்மா என்ற சரக்கு எங்கே தயாரானது என்பது மறைவான விஷயமல்ல. 1854ல் பிரெஞ்சில் எர்னஸ்ட் ரெனான் கெல்டிக் இனங்களின் கவிதை பற்றி எழுதினார். 1867ல் மாத்யூ ஆர்னால்ட் ஆக்ஸ்ஃபோர்டில் தாம் ஆற்றிய சொற்பொழிவுகளைப் புத்தகமாக்கினார். மென்மை, சோகம், இயற்கையின் மாயம், நடைமுறை உலகத்தோடு ஒட்டாமை: எல்லாம் அங்கே இருக்கிறது. ஆர்னால்டுக்கு ஐரிஷும் தெரியாது, வெல்ஷும் தெரியாது. அதை அவரே மறைக்கவில்லை. அதோடு, வெல்ஷ் மொழி நடைமுறை வாழ்க்கையிலிருந்து எவ்வளவு சீக்கிரம் மறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற கருத்தும் அதே புத்தகத்தில் இருக்கிறது. ஆன்மாவைப் போற்றுவது, மொழியைச் சாகச் சொல்வது. இரண்டும் ஒரே கையால் எழுதப்பட்டவை. 1893ல் 'கெல்டிக் ட்விலைட்' எழுதிய யேட்ஸுக்கும் ஐரிஷ் வராது. யேட்ஸ் மகா கவிஞர். அது வேறு விஷயம். அந்திப்பொழுதின் மங்கலை மொழியின் வேரில் கண்டுபிடித்துவிட்டதாக நாம் இன்று சொல்லும்போது, மொழி தெரியாதவர்கள் பூசிய வர்ணத்தை மொழியின் நிறம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மொழியை உண்மையாகப் படித்தவர்கள் இருந்தார்கள். காஸ்பர் ஸாய்ஸ் என்ற பவேரியர் வூர்ட்ஸ்பர்க், மிலான், ஸெயின்ட் கால் ஏடுகளின் ஓரங்களிலும் வரிகளுக்கு இடையிலும் துறவிகள் எழுதிவைத்த உரைக்குறிப்புகளிலிருந்து பழைய ஐரிஷின் இலக்கணத்தைப் பிழிந்தெடுத்து 1853ல் வெளியிட்டார். ரூடால்ஃப் துர்னைஸன் 1909ல் அதைவிடக் கறாரான இலக்கணத்தைத் தந்தார். இந்த மனிதர்கள் ஆன்மாவைப் பற்றிப் பேசவில்லை. வேற்றுமையையும் முன்னிடைச் சொல்லையும் பற்றிப் பேசினார்கள். நமக்கு வேண்டியதும் அங்கேதான் இருக்கிறது.

ஏக்கவாதிகளை அவர்களுடைய சொல்லைக் கொண்டே மடக்கலாம். 'இயர்' என்றால் பின் என்றேன். பின் என்றால் எது? பழைய ஐரிஷில் 'இயர் ஷின்' என்றால் 'அதற்குப் பின்பு'. ஒரு காரியம் நடந்து முடிந்த பிறகு வருவதுதான் 'இயர்'. நம்முடைய 'பின்' போலவே: இடத்தில் முதுகுப்புறம், காலத்தில் இனி வருவது. ஆக அந்தச் சொல்லை நம்பித் தத்துவம் கட்டினால் மேற்கு என்பது எதிர்காலமாகிறது! பஞ்ச காலத்தில், 1845க்கும் 1852க்கும் இடையில், சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையினர் கப்பல் ஏறினார்கள். பெரும்பாலோருக்குக் கப்பல் போன திசை மேற்கு. அவர்களுக்கு மேற்கு பிழைப்பு. மறுபுறம், 'ஷீயர்' என்ற வினையடை, மேற்கு நோக்கி என்றும் பின்னோக்கி என்றும் பொருள்படுவது, இன்றைய பேச்சில் காலத்தில் பின்னால் போவதற்கும் வழங்குகிறது. ஒரே வேர் ஒரு கையால் வருவதைக் காட்டுகிறது, மறுகையால் போனதைக் காட்டுகிறது. வேர்ச்சொல்லிலிருந்து உலகப்பார்வையை உருவுகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் எப்போதும் உண்டு. அதனால்தான் அவர்கள் அகராதியில் ஒரு பக்கத்துக்கு மேல் திருப்புவதில்லை.

சூரிய வழிபாடு என்ற இன்னொரு கூச்சலும் உண்டு. நியூகிரேஞ்ச் சமாதியில் டிசம்பர் உதயத்தில் கதிர் உள்ளே நுழைவதைக் காட்டி, பார், திசைச்சொற்களின் மூலம் இதுதான் என்பார்கள். மைக்கேல் ஓ'கெல்லி 1967ல் அந்த உதயத்தை உள்ளே நின்று பார்த்தது அற்புதமான நிகழ்ச்சிதான். ஆனால் அந்தக் கல்லறை கி.மு. 3200 வாக்கில் கட்டப்பட்டது; ஐரிஷ் மொழி அந்தத் தீவில் கால்வைக்க அதற்குப் பிறகு வெகுகாலம் ஆயிற்று. அதோடு அங்கே கதிர் நுழைவது கிழக்கிலிருந்து அல்ல, தென்கிழக்கிலிருந்து. டப்ளின் அட்சரேகையில் கோடை உதயத்துக்கும் குளிர்கால உதயத்துக்கும் அடிவானத்தில் 80 பாகைக்கு மேல் இடைவெளி. சென்னையில் அது 50 பாகைக்குள். உதிக்கும் இடம் இவ்வளவு அலைந்து திரிகிற ஊரில் 'முன்னால்' என்பது நிலையான ஒரு திசைக்குப் பெயராக நின்றுவிட்டது என்றால், அந்தச் சொல் அப்போதே சூரியனை மறந்து திசையாகிவிட்டது என்றுதான் அர்த்தம்.

சொல் தன் வேரை மறப்பது பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கிழக்கு கீழ், மேற்கு மேல். நிலம் சரிகிற சரிவு. இதை எடுத்துச் சொல்லி ஒரு வாதத்தையே அமைத்தவர் கால்டுவெல், 1856ல் வெளியான ஒப்பிலக்கணத்தில். மலையாளிக்குக் கிழக்கே இருப்பது மலை. ஆனாலும் அவனும் அதைக் 'கிழக்கு' என்றே சொல்கிறான். மேற்கை மட்டும் ஞாயிறு படியும் இடமாக்கிப் 'படிஞ்ஞாறு' என்கிறான். ஆகவே அவன் முன்னோர் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள் என்பது அவர் முடிவு. முடிவை ஏற்பதும் மறுப்பதும் வேறு. இங்கே கவனிக்க வேண்டியது அவர் செய்த காரியத்தின் கறார். சொல்லிலிருந்து அவர் ஒரு பெயர்ச்சியை ஊகித்தார். மலையாளியின் ஆன்மாவை ஊகிக்கவில்லை. உயர்ந்த மலையைப் பார்த்துத் தினமும் 'தாழ்வு' என்று சொல்லும் ஒரு சமூகம் ஏதோ முரணியக்க ஞானம் பெற்றது என்று எழுதவில்லை. இத்தனைக்கும் கால்டுவெல் 1814ல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிமில். கெல்டிக் மூடுபனி அவரைத் தொடவே இல்லை போலும். கிழக்கு வெளுக்கிறது என்று சொல்லும் எவனாவது பள்ளம் வெளுக்கிறது என்று நினைக்கிறானா?

இதைச் சொன்னதும் எதிர்முகாம் குஷியாகிவிடும். அப்படியானால் திசை திசைதானே, ஆங்கிலத்தில் 'வெஸ்ட்' என்று இருந்தால் மேற்கு என்று போட்டுவிட்டுப் போகலாமே என்பார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்களில் பெரும்பாலோர் இந்த முகாம். இவர்கள் ஏக்கவாதிகளைவிட அபாயமானவர்கள், ஏனென்றால் இவர்கள் பேசுவதில்லை, செய்துவிடுகிறார்கள்.

வேர் செத்திருக்கலாம், இலக்கணம் சாகவில்லை. பழைய ஐரிஷில் ஒரு திசைக்கு ஒரு சொல் போதாது. மேற்கே இருப்பது 'தீயர்'. மேற்கு நோக்கிப் போவது 'ஷீயர்'. மேற்கிலிருந்து வருவது 'அனீயர்'. கிழக்குக்கு 'தர், ஸர், அனர்'. இதே அச்சில்தான் மேலும் கீழும் வார்க்கப்பட்டிருக்கின்றன: மேலே இருப்பது 'தூவஸ்', மேல் நோக்கி 'ஸூவஸ்', மேலிருந்து 'அனூவஸ்', கீழே 'தீஸ்', கீழ் நோக்கி 'ஷீஸ்', கீழிருந்து 'அனீஸ்'. தெற்கு வடக்குக்கு நோக்கிப் போகும் வடிவம் மட்டும் வேறு முன்னொட்டை எடுக்கும், மற்றபடி மும்மைதான். இன்றைய ஐரிஷிலும் இது உயிரோடு இருக்கிறது. ஒரு வாக்கியத்தில் 'அனீயர்' என்று வந்தவுடனே, பேசுகிறவன் எங்கோ நிற்கிறான், ஏதோ ஒன்று அவன் இருக்கும் பக்கத்துக்கு வந்துகொண்டிருக்கிறது என்பது தெரிந்துவிடுகிறது. திசை அங்கே வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்ட எழுத்தாக இல்லை. அது ஒரு ஆளைச் சுற்றி நடக்கும் போக்குவரத்து. ஆங்கிலத்துக்கு இது பெரிய தொல்லை. அது ஒரே 'வெஸ்ட்'டை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் சின்னச் சொற்களை ஒட்டுகிறது, பல சமயம் ஒட்டாமலே விட்டுவிடுகிறது. தமிழுக்குத் தொல்லையே இல்லை. மேற்கே, மேற்காக, மேற்கேயிருந்து என்று வேற்றுமையில் சொல்லலாம். நம் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்திருப்பவனிடம் கொஞ்சம் வடக்கால நகரு என்று இன்றும் சொல்கிறார்கள். மொழியில் இருப்பதை ஆங்கிலத்தின் வழியாகப் போய்த் தொலைத்துவிட்டு வருவதற்கு மொழிபெயர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம்.

உதாரணம் வேண்டுமா? 'டாய்ன்' காவியத்தின் தொடக்கத்தில் ராணி மேவ் படையோடு புறப்படுகிறாள். தேரோட்டி, நில், தேரை ஒருமுறை 'தெஸெல்' திருப்பிக்கொள்கிறேன், நல்ல சகுனத்தோடு திரும்பி வரலாம் என்கிறான். தெஸெல் என்பது வலம். சூரியன் போகிற போக்கில், வலக்கை மையத்துக்கு இருக்கும்படி சுற்றுவது. ஆங்கில உரைகளும் அகராதிகளும் இந்தச் சொல்லுக்கு 'க்ளாக்வைஸ்' என்று கொடுக்கும். நம் ஆள் என்ன செய்வார்? 'கடிகார முள் சுற்றும் திசையில்' என்று எழுதுவார். இரும்புக்காலத் தேரோட்டியின் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். வலம் என்ற சொல் இரண்டாயிரம் வருஷமாக நம்மிடம் இருக்கிறது. வலம் வருதல் என்றால் குழந்தைக்கும் தெரியும். தாமஸ் கின்ஸெல்லாவின் 1969 மொழிபெயர்ப்பு வலப்பக்கம், சூரியனோடு என்று இரண்டு தடவை விளக்கிச் சொல்லித் தப்பிக்கிறது. அவருக்கு வேறு வழியில்லை, அவர் மொழியில் வலம் இல்லை. நமக்கு என்ன கேடு?

தெஸெல்லின் மறுபக்கம் 'தூவதல்'. இடம், வடக்கு, பிசகு எல்லாம் ஒன்றாக. குகுலின் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் வெறியோடு திரும்பி வந்து தேரின் இடப்பக்கத்தை எமின் கோட்டைக்குக் காட்டுகிறான். காவலிருப்பவர்கள் நடுங்குகிறார்கள். கதையைத் தமிழில் படிப்பவன் ஏன் நடுக்கம் என்று விழிக்கக்கூடாது. அடிக்குறிப்பு போடுங்கள் என்பார்கள். அப்பிரதட்சிணம் என்ற சொல்லைச் சாவுச் சடங்கு தவிர வேறெங்கும் கேட்டிராத ஒரு சமூகத்துக்கு அடிக்குறிப்பு எதற்கு? ஓ'டொனல்கள் போருக்குப் போகுமுன் கொலம்பா புனிதரின் சங்கீதப் புத்தகமான 'காதக்'கைப் படையைச் சுற்றி மூன்று முறை வலமாக எடுத்து வந்தார்கள் என்பதைப் படிக்கிற தமிழ் வாசகன், ஆங்கில வாசகன் படிக்கிற அதே தூரத்திலிருந்து அதைப் படிக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தத் தூரத்தில்தான் அவனை நிறுத்திவைத்திருக்கிறோம். (மக்கள் என்று பொருள்படும் 'தூவத்' வேறு சொல், ஒலியொற்றுமையைக் கொண்டு டானன் தெய்வங்களை வடதிசை மக்களாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தெய்வங்கள் உலகின் வடபகுதித் தீவுகளில் வித்தை கற்று வந்தார்கள் என்று பழம் பிரதியே சொல்கிறது. இதற்குச் சொற்சிலம்பம் தேவையில்லை.)

ஜாய்ஸுக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மில் பலருக்கு அயர்லாந்து என்றால் ஜாய்ஸ்தான். 'டப்ளினர்ஸ்' தொகுப்பின் (1914) கடைசிக் கதையில் கேப்ரியலை மிஸ் ஐவர்ஸ் 'மேற்கு பிரிட்டன்காரன்' என்று குத்துகிறாள். லண்டனிலிருந்து பார்த்தால்தான் அயர்லாந்து மேற்கு; அந்தத் திசையை ஏற்றுக்கொண்டவன் நீ என்பது வசவின் உள்ளடக்கம். அவளே அவனை மேற்குக்கரைக்கு அப்பால் ஆரன் தீவுகளுக்குக் கூப்பிடுகிறாள். அவன் வரவில்லை, ஐரோப்பாவுக்கு சைக்கிள் விடப் போகிறேன் என்கிறான், அதாவது கிழக்கே. ஐரிஷ் என் மொழி அல்ல என்கிறான். இரவு முடியும்போது, மனைவியின் பழைய காதலும் அந்தப் பையனின் மரணமும் தெரிந்த பிறகு, மேற்கு நோக்கிய பயணத்துக்கு நேரம் வந்துவிட்டது என்று அவன் மனம் நினைக்கிறது. அந்த மேற்கு கால்வே, மனைவியின் ஊர், அவளுடைய கடந்தகாலம், புதைகுழி. அவன் தன் மொழி அல்ல என்று சொன்ன மொழியில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: 'ஷீயர்'. இது ஜாய்ஸின் திட்டம் என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. கதை இரண்டு மேற்குகளுக்கு நடுவில் நிற்கிறது, லண்டன் பார்க்கும் மேற்கு ஒன்று, ஆரன் பேசும் மேற்கு ஒன்று. முதலாவது வரைபடத்தில் இருக்கிறது. இரண்டாவதில் ஒருவன் திரும்பி நடக்க வேண்டியிருக்கிறது. இங்கே நான் வேர்ச்சொல்லை இழுக்கவில்லை. மக்கள் வாயில் இன்றும் புழங்கும் பொருளை மட்டும் சொல்கிறேன். இந்த வித்தியாசத்தை முதல் முகாம் புரிந்துகொள்ள மறுக்கிறது, இரண்டாவது முகாம் கேள்விப்படவே இல்லை.

மேற்கு அறை என்று ஒன்று உண்டு. கான்ராட் ஆரென்ஸ்பெர்க் என்ற அமெரிக்க மானுடவியலாளர் கிளேர் மாவட்டத்தில் தங்கிப் பார்த்து 1937ல் எழுதினார்: மகனுக்குக் கல்யாணமானதும் கிழவனும் கிழவியும் நிலத்தையும் அடுப்பையும் விட்டுக்கொடுத்து வீட்டின் மேற்கு அறைக்கு ஒதுங்குகிறார்கள். நல்ல சாமான்களும் இறந்தவர்களின் படங்களும் அங்கேதான். இது ஆன்மா அல்ல. இது சொத்துரிமை, மாமியார் மருமகள், சாவு. கவிதைக்கு இது போதும். இதைவிட அதிகம் வேண்டுகிறவனுக்குக் கவிதை வேண்டாம், உபதேசம் வேண்டும்.

குறியீடு கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரதியே குறியீட்டைச் சொன்னால் அதைக் கேட்கவேண்டும். தாராவின் அமைப்பு பற்றிய மத்தியகால உரைநடையில் அறிவு மேற்கில், போர் வடக்கில், செழிப்பு கிழக்கில், இசை தெற்கில், அரசாட்சி நடுவில் என்று பங்கிடப்பட்டிருக்கிறது. ஆர். ஐ. பெஸ்ட் 1910ல் பதிப்பித்தார். பிறகு 1961ல் ரீஸ் சகோதரர்கள் அதன்மேல் இந்தியாவிலிருந்து வேல்ஸ் வரை ஒரு மாளிகையே கட்டினார்கள். அழகான மாளிகை, எனக்குக் குடியிருக்க தைரியமில்லை. ஆனால் அறிவை மேற்கில் வைத்தது பிரதி. முதுகுக்குப் பின்னால் இருப்பதால் வைத்தது என்று பிரதி சொல்லவில்லை.

பத்தாம் நூற்றாண்டின் 'ஸால்டெர் நா ரன்' காற்றுகளுக்கு நிறம் தருகிறது. கீழைக்காற்று ஊதா, தென்றல் வெள்ளை, வாடை கருப்பு, மேலைக்காற்று மங்கின பழுப்பு. இடையில் உள்ளவையும் சேர்த்துப் பன்னிரண்டு. கோடையும் கொண்டலும் வாடையும் தென்றலும் கொண்ட மொழியில் இருந்துகொண்டு இதை நாம் இன்னும் மொழிபெயர்க்கவில்லை. ஃபிளான் ஓ'பிரையன் இந்த நிறக்காற்றுகளை 'மூன்றாவது போலீஸ்காரன்' நாவலுக்குள் கொண்டுவந்தார். 1940ல் எழுதி முடித்தது, பதிப்பாளர் மறுத்துவிட்டார், அவர் செத்த பிறகு 1967ல்தான் வெளிவந்தது. அங்கே அவை எந்த ஆன்மாவுக்கும் சாட்சி சொல்லவில்லை. ஒரு கிழவர் காற்றின் நிறத்தைப் பற்றிச் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டிருக்கிறார். ஐரிஷை உண்மையாகவே தெரிந்த ஒரு எழுத்தாளன் அந்த மொழியின் பழைய திசைகளை எப்படிக் கையாண்டான் என்பதற்கு வேறு சாட்சியம் தேட வேண்டியதில்லை.

பதில் எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம். ஒரே நிபந்தனை: முதலில் அகராதியைத் திறந்து 'இயர்' என்ற சொல்லின் கீழ் உள்ளதை முழுக்கப் படிக்கவேண்டும். ராயல் ஐரிஷ் அகாடமி 1913ல் தொடங்கி 1976ல் முடித்த அகராதி இப்போது இணையத்தில் காசில்லாமலே கிடைக்கிறது. எதிர்பாராமல் ஒருவன்மேல் போய் விழுவதற்கு ஐரிஷில் 'மேற்கேயிருந்து வடக்கேயிருந்து வருவது' என்று ஒரு வழக்கு உண்டு. அதையும் அப்படியே பார்த்துவைத்துக்கொள்ளலாம்.